வெயில் ஊரில் இருட்டு ஹால்: வீட்டுச் செடிக்கு எந்த லைட்?

மதுரையில் செடிக்கு லைட் போடுவது என்றால் முதலில் சிரிப்புதான் வரும். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத ஊரில், கரண்டு பில் கட்டிச் செடிக்கு வெளிச்சம் காட்டுவதா? கேள்வி நியாயம்தான். ஆனால் வெயில் தெருவில் இருக்கிறது, மணி பிளாண்ட் ஹாலில் இருக்கிறது. சிம்மக்கல், தெற்குவாசல், மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் பல வீடுகளுக்கு இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டுக்காரரோடு பொதுச்சுவர். வெளிச்சம் வர வாசலும் முற்றமும்தான் வழி. அந்த முற்றத்தையும் திருட்டுப் பயத்துக்குக் கம்பி போட்டு, மழைக்குத் தகரம் போட்டுப் பலர் மூடிவிட்டார்கள். புது அபார்ட்மெண்ட் என்றால் ஜன்னல் பெரிதாக இருக்கும். திறந்தால் எதிரே அடுத்த பிளாக்கின் சுவர்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலான வீடுகளுக்கு ‘க்ரோ லைட்’ என்று பெயர் அச்சிட்ட எதுவும் தேவையில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் வெள்ளை எல்.இ.டி. டியூப் லைட், கடைக்காரர் ‘பேட்டன்’ என்று எடுத்துக் கொடுப்பது, செடிக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கினால் போதும். விதிவிலக்குகள் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்த ஒப்பீடு.

எவ்வளவு குறைகிறது என்று அளந்துவிட்டுக் கடைக்குப் போகவும்

வெளிச்சத்தை எடைபோடுவதில் கண்ணை நம்ப முடியாது. வெளியிலிருந்து உள்ளே வந்த சில நிமிடத்தில் கண் தன்னைச் சரிசெய்துகொண்டு, ஹால் வெளிச்சமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நண்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். அதே நேரத்தில் இரண்டு அறை தாண்டிய உட்சுவர் ஓரத்தில் நூறு, இருநூறு லக்ஸ் இருந்தால் அதிகம். செய்தித்தாள் படிக்க அது போதும். இலை உணவு தயாரிக்கப் போதாது.

போனில் இலவச லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு, செடியின் உச்சி இலை மட்டத்தில் திரை மேலே பார்க்கும்படி போனைப் படுக்கவைத்து அளக்கவும். சென்சார் செல்ஃபி கேமரா பக்கம் இருக்கும். அதை விரலால் மறைக்கக் கூடாது. போனுக்குப் போன் அளவு மாறும், துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம். ஐந்நூறா ஐயாயிரமா என்று தெரிந்தால் நமக்குப் போதும். காலை ஒன்பது, நண்பகல், மாலை நாலு என்று மூன்று முறை பார்த்தால் அந்த இடத்தின் குணம் பிடிபட்டுவிடும்.

வெள்ளை எல்.இ.டி. தினமும் 12 மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும். மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், ஜீ ஜீ பிளாண்ட், பச்சை அக்லோனீமா ஆகியவற்றுக்கு 2,500 முதல் 5,000 லக்ஸ். சிங்கோனியம், ரப்பர் செடி, சிவப்பு அக்லோனீமா, பூக்க வேண்டிய பீஸ் லில்லி, ஆந்தூரியம் என்றால் 6,000 முதல் 10,000. துளசி, புதினா, கற்றாழை, சக்குலண்ட் வகைகளுக்கு 15,000-க்கு மேல். மல்லிகையை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி முழு வெயில் செடி. எந்த லைட்டை மாட்டினாலும் ஹாலில் இலைதான் வரும், மொட்டு வராது.

விவரம் தெரிந்தவர்கள் லக்ஸைச் செடி அளவுகோலாக ஏற்கமாட்டார்கள். அது மனிதக் கண்ணுக்காகச் செய்த அளவு. செடிக்கு ஒளித்துகள்களை எண்ணும் பி.பி.எஃப்.டி. அளவுதான் சரி. வெள்ளை எல்.இ.டி. என்றால் லக்ஸை 70-ஆல் வகுத்தால் அந்த அளவு கிட்டத்தட்ட வந்துவிடும்: 7,000 லக்ஸ் என்றால் 100. ஊதா விளக்கில் இந்தக் கணக்கு செல்லாது, மீட்டர் மிகக் குறைத்துக் காட்டும்.

காசில்லாத வழி: ஜன்னல்

விளக்குக்கு முன் ஜன்னலைப் பார்ப்பதே முறை. இணையத்தில் கிடைக்கும் அறிவுரையெல்லாம் ‘தெற்கு ஜன்னல்தான் சிறந்தது’ என்று சொல்லும். அது குளிர்நாட்டுக் கணக்கு. மதுரை ஏறத்தாழ 9.9 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சி வேளையில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. டிசம்பரை ஒட்டிய மாதங்களில் தவிர, உச்சியில் தலைக்கு மேலே ஒட்டித்தான் நிற்கும், அதனால் உச்சி வெயிலைப் பெரும்பாலும் சன்ஷேட் தடுத்துவிடும். இங்கே வேலை செய்வது கிழக்கு ஜன்னல்: சாய்ந்து வரும் காலை வெயில் ஒன்பதரை மணிவரை உள்ளே விழும், சூடும் குறைவு. மேற்கு ஜன்னலில் வெளிச்சம் உண்டு, ஆனால் மார்ச் முதல் ஜூன் வரை மூன்று மணி வெயில் பீஸ் லில்லியை வேகவைத்துவிடும். மெல்லிய வெள்ளைத் திரை கட்டாயம்.

ஜன்னலிலிருந்து இரண்டடிக்குள் செடி இருக்க வேண்டும். உள்ளே நகர நகர வெளிச்சம் மளமளவென்று இறங்கும், ஆறடி தள்ளிவிட்டால் ஜன்னல் இருந்தும் பயனில்லை. தூசி அடைந்த கொசு வலையும் கணிசமாக வெளிச்சத்தைத் தின்னும். மாதம் ஒருமுறை அதைக் கழற்றிக் கழுவுவது எந்த விளக்கையும்விட மலிவு.

சொந்த வீடு, மூடிய முற்றம் என்றால் தகரத்தில் இரண்டு ஷீட்டை எடுத்துவிட்டு ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் ஷீட் போடலாம். வீட்டுக்கே வெளிச்சம் கிடைக்கும். ஓரத்தில் சூடான காற்று வெளியேற இடைவெளி விடாமல் இறுக்கி அடித்தால் சித்திரையில் முற்றம் அடுப்பாகிவிடும். கோடையில் மேலே 50 சதவீதப் பச்சை நிழல் வலையும் விரிக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வழி இரண்டு செட் செடி வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வராந்தாவுக்கும் ஹாலுக்கும் மாற்றுவது. நல்ல வழிதான், ஆள் பலம் இருந்தால். ஹாலில் இருந்த செடியை நேராக வெயிலில் வைத்தால் ஒரே மத்தியானத்தில் இலை வெளுத்துக் கருகும். முதல் வாரம் வராந்தாவின் உள் நிழலில் வைத்துப் பழக்க வேண்டும்.

இவை எதுவும் கைகூடாத இடத்தில்தான் விளக்கு.

ஊதா கிளிப் லைட்

இணையத்தில் ‘க்ரோ லைட்’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பது இதுதான்: வளையும் கழுத்தில் மூன்று நான்கு தலை, மேஜை விளிம்பில் கவ்வும் கிளிப், யு.எஸ்.பி. வயர், ஊதா வெளிச்சம். இதை வாங்க வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம் வாட். பெட்டியில் 45 வாட், 80 வாட் என்று போட்டிருக்கும். அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 5 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 10 வாட். அந்த வயர் வழியாக அதற்கு மேல் வர வழியே இல்லை. சந்தேகம் தீராதவர்கள் ஈ.பி. மீட்டரிலேயே சோதிக்கலாம். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிவப்பு விளக்கு சிமிட்டும் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்றிருந்தால், ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இந்த விளக்கை மட்டும் போடவும். உண்மையில் 45 வாட் என்றால் 25 விநாடிக்கு ஒருமுறை சிமிட்ட வேண்டும். 10 வாட் என்றால் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். வாட்ச்சைப் பார்த்தபடி இரண்டு சிமிட்டலுக்கு இடையே காத்திருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது, நிறம். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும்தான் அதிகம் உறிஞ்சும், ஆகவே பச்சை வெளிச்சம் வீண் என்ற வாதத்தில்தான் இந்த ஊதா பிறந்தது. 22 பயிர்களின் இலைகளை அலை நீளம் அலை நீளமாக அளந்து மெக்ரீ என்ற விஞ்ஞானி 1972-ல் வெளியிட்ட ஆய்விலேயே பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்கு நன்றாகவே பயன்படுவது தெரிந்துவிட்டது. பச்சை ஒளி இலைக்குள் ஆழமாகப் போகும், மேலடுக்கைத் தாண்டிக் கீழ் அடுக்குக்கும் வேலை கொடுக்கும். நல்ல சிப் போட்ட 660 நானோமீட்டர் சிவப்பு விளக்கு பெரிய பண்ணைகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் கிளிப் லைட்டில் இருப்பது அந்தச் சிப் இல்லை.

மூன்றாவது, நோய் தெரியாது. ஊதா வெளிச்சத்தில் எல்லா இலையும் கறுப்பாகத்தான் தெரியும். மஞ்சள் விழுந்ததும், கணுவில் மாவுப்பூச்சி ஒட்டியதும் லைட்டை அணைத்தால்தான் கண்ணில் படும். வரவேற்பறை மதுக்கடை மாதிரி இருப்பதை வீட்டில் உள்ளவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள் என்பது தனிக் கதை.

வெள்ளை நிறக் கிளிப் லைட் இதைவிடப் பரவாயில்லை. அலுவலக மேஜையில் ஒரே ஒரு சிங்கோனியத் தொட்டிக்கு, பத்துப் பதினைந்து செ.மீ. தூரத்தில் வைத்தால் வேலை நடக்கும்.

ஒற்றைத் தொட்டிக்கு: 9 வாட் பல்பு

ஒரே தொட்டி, அதிகபட்சம் இரண்டு என்றால் பழைய டேபிள் லேம்ப் ஒன்றில் 9 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு மாட்டினால் கதை முடிந்தது. சுமார் 900 லூமன் தரும். லூமன் என்பது பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. பெட்டியில் அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்கவும். வாட்டைப் பார்ப்பதைவிட லூமனைப் பார்ப்பதே சரி. குடை போன்ற மூடி உள்ள லேம்ப்பில் 30 செ.மீ. தூரத்தில் ஏறக்குறைய 2,500 லக்ஸ் கிடைக்கும். 15 செ.மீ.க்கு இறக்கினால் அது ஏறத்தாழ நான்கு மடங்காகும். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு என்ற பள்ளிக்கூடப் பாடம் இதுதான். அதே பல்பு கூரையில் இருந்தால் தரையில் உள்ள தொட்டிக்கு நூறு லக்ஸ்கூடத் தேறாது. ‘ஹாலில் 9 வாட் பல்புக்குப் பதில் 23 வாட் போட்டோமே, செடி ஏன் தேறவில்லை’ என்று கேட்பவர்களுக்குப் பதிலும் அதுதான்.

‘ஃபுல் ஸ்பெக்ட்ரம் க்ரோ பல்பு’ என்று பல மடங்கு விலையில் விற்பது, பெரும்பாலும் இதே வெள்ளை எல்.இ.டி.யில் நாலு சிவப்புச் சிப் சேர்த்தது. வாங்கினாலும் கெடுதல் இல்லை. ஆனால் இறக்குமதிப் பல்புகள் திருகு ஹோல்டருக்கு வரும், நம் வீட்டில் இருப்பது பின் ஹோல்டர். மாற்றும் அடாப்டர் கடையிலேயே கிடைக்கும். நிறத்தைப் பொறுத்தவரை 4000 முதல் 6500 கெல்வின்வரை எதுவும் சரி. 3000-க்குக் கீழே மஞ்சள் பல்பில் நீலம் குறைவு, தண்டு நீளும்.

ஆளுயர ரப்பர் செடிக்கோ ஃபிடில் லீஃபுக்கோ இந்தப் பல்பு உதவாது. உச்சிக்கு மட்டும் வெளிச்சம் கிடைத்துக் கீழ் இலைகள் உதிரும். அதற்கு 20 வாட் ஸ்பாட் லைட்தான். குறுகிய கற்றை என்பதால் ஒரு மீட்டர் தள்ளி இருந்தும் சில ஆயிரம் லக்ஸ் சேரும். பக்கவாட்டில் சாய்த்து, செடியின் நடு உயரத்தைக் குறிவைத்து மாட்டவும்.

நான்கு தொட்டிக்கு மேல்: 20 வாட் டியூப், இரண்டு

நான்கடி நீளம், 20 வாட், சுமார் 2,000 லூமன். விலை இருநூறிலிருந்து முந்நூற்றைம்பதுக்குள் முடிந்துவிடும். நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கினால் உத்தரவாதமும் உண்டு, கெட்டுப்போனால் டவுன் ஹால் ரோடு பக்கம் நடந்துபோய் மாற்றிக்கொண்டு வரலாம். இறக்குமதிப் பேனலில் டிரைவர், அதாவது எல்.இ.டி.க்குக் கரண்டைச் சீராக்கித் தரும் பகுதி, போனால் அப்படி முடியாது.

ஒரு டியூப் 20 செ.மீ. உயரத்தில் சுமார் 4,000 லக்ஸ் தரும். 30 செ.மீ.யில் 2,700 அளவுக்கு இறங்கும். இரண்டு டியூப்களை 15 செ.மீ. இடைவெளியில் இணையாகக் கட்டினால் 20 செ.மீ. உயரத்தில் 7,000 அளவுக்கு வரும். அக்லோனீமா, சிங்கோனியம், பீஸ் லில்லி எல்லாம் திருப்தியாக வளரும். நீளமான விளக்கு என்பதால் பல்பைப் போல நடுவில் மட்டும் கொட்டாமல், நான்கடிக்கும் ஒரே சீராக வெளிச்சம் விழுவது இதன் பெரிய லாபம்.

மாட்டுவதற்கு நான்கடிக்கு ஒன்றேகாலடி அளவில் ஸ்டீல் ஆங்கிள் ராக் எடுத்துக்கொள்ளலாம். தட்டுக்கும் தட்டுக்கும் 50 செ.மீ. இடைவெளி வேண்டும்: தொட்டி 15, செடி 15, மீதி விளக்குக்கும் காற்றுக்கும். டியூப்பை மேல்தட்டின் அடியில் நேராக ஸ்குரு அடிக்காமல், நான்கு எஸ் கொக்கியும் மெல்லிய செயினும் போட்டுத் தொங்கவிட்டால் செடி வளர வளரக் கண்ணி மாற்றி ஏற்றலாம். பின்பக்கமும் இரண்டு ஓரமும் வெள்ளை ஃபிளெக்ஸ் துண்டோ சன்போர்டோ வைத்து அடைக்கவும். வெளியே சிதறிப்போகும் வெளிச்சம் திரும்பி இலைமேல் விழும், ஓரத் தொட்டிகளுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். முன்பக்கம் திறந்திருக்கட்டும்.

வயரிங் விஷயத்தில் சிக்கனம் பிடிக்கக் கூடாது. ராக் இரும்பு, கையில் தண்ணீர்க் குவளை, தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்ற மூன்றும் சேர்ந்தால் ஆபத்து. மூன்று கோர் வயர் எடுத்து, ராக்குக்கும் டியூப்பின் உலோக உடலுக்கும் எர்த் கொடுக்கவும். பிளக் பாயிண்ட் தண்ணீர் ஊற்றும் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். வயர் பிளக்குக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கினால், வயரில் ஒழுகி வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் இந்தச் சாக்கிலாவது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுவிடுவது நல்லது.

பேனல், ஃபிளட் லைட், மற்றவை

குவாண்டம் போர்டு எனப்படும் பேனல்தான் உண்மையான க்ரோ லைட். 65 வாட் போர்டு ஒன்று இரண்டடிக்கு இரண்டடி இடத்தில், 30 முதல் 45 செ.மீ. உயரத்தில் இருந்து, 20,000 லக்ஸுக்குச் சமமான வெளிச்சம் தரும். துளசி, புதினா, மிளகாய் நாற்று எல்லாம் அதன் கீழ் திடமாக வளரும். விலை ஆயிரக்கணக்கில். மாடியோ பால்கனியோ இருக்கும் மதுரைக்காரர் துளசிக்காக இதை வாங்குவது காசைக் கரியாக்குவதுதான். தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்து, மாடிச் சாவியை வீட்டுக்காரர் தரமாட்டார் என்றால் யோசிக்கலாம்.

கட்டடத்துக்கு வெளியே மாட்டும் 30 வாட் ஃபிளட் லைட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அலுமினிய உடல், தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், சூடும் நன்றாக வெளியேறும். அரை மீட்டரில் நாலாயிரம் லக்ஸை ஒட்டித் தரும். கண் கூசும் என்பதால் மனிதர் உட்காரும் இடத்தில் வேண்டாம். மாடிப்படிக்குக் கீழ் உள்ள மூலைக்கு மிகப் பொருத்தம். சி.எஃப்.எல்., பழைய சோக் டியூப் வீட்டில் சும்மா கிடந்தால் பயன்படுத்தலாம், புதிதாக வாங்க வேண்டாம். பசுமைக் குடில்களில் போடும் சோடியம் விளக்கு நம் ஊர்ச் சூட்டுக்கு ஆகாது.

கரண்டுக் கணக்கு

தினம் 12 மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லுக்கு 720 மணி நேரம். 9 வாட் பல்பு ஆறரை யூனிட், இரட்டை டியூப் 29, 65 வாட் பேனல் 47. யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்று தோராயமாக வைத்தால் முறையே 33, 145, 235 ரூபாய். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சின்னக் குடும்பத்துக்கு இது தெரியவே தெரியாது. ஏ.சி. ஓடும் கோடை பில்லில் ஏற்கெனவே 480, 490 யூனிட்டில் நிற்பவர்கள் கவனிக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டின் விலை மட்டுமில்லை, படிக்கணக்கே (ஸ்லாப்) மாறும்.

டைமர், பவர் கட்

கையால் போட்டு அணைப்பது ஒரு வாரத்துக்கு மேல் ஓடாது. வட்டமாகச் சுற்றும் மெக்கானிக்கல் டைமர் விலை குறைவு, ஆனால் கரண்டு போனால் அதுவும் நின்றுவிடும். பகலில் இரண்டு மணி நேரம் மெயின்டனன்ஸ் கட் என்றால் அன்றிலிருந்து எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும், நீங்கள் திருப்பி வைக்கும்வரை. உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரோ, வைஃபை ஸ்மார்ட் பிளக்கோ இந்தத் தொல்லை தராது. கிளிப் லைட்டோடு வரும் டைமர் பல மாடல்களில் கரண்டு போய் வந்தால் நினைவிழந்துவிடும்.

காலை ஆறு முதல் மாலை ஆறு வரை வைப்பது இயல்பு. தகரக் கூரை அறையில் ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் மாலை ஆறு முதல் காலை ஆறுக்கு மாற்றலாம். பகல் சூட்டோடு விளக்கின் சூடும் சேராது. எல்.இ.டி. சாகக் காரணமே பெரும்பாலும் டிரைவர் வெந்துபோவதுதான். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பதை மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டிய பல்பிடம் எதிர்பார்க்க முடியாது.

24 மணி நேரமும் எரியவிட்டால் இரட்டிப்பாக வளரும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்நேக் பிளாண்ட், பெரும்பாலான சக்குலண்ட், ஃபலெனாப்சிஸ் ஆர்க்கிட் ஆகியவை இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவைச் சேமிக்கும் இனம். அவற்றுக்கு இருட்டும் வேண்டும். செவ்வந்தியும் கலஞ்சோவும் இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். அவற்றை 14 மணி நேர வெளிச்சத்தில் வைத்துவிட்டுப் பூவுக்குக் காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தப்பாகப் போகும் இடங்கள்

புதிதாக லைட் போட்டதும் முதல் நாளே 15 செ.மீ.யில் 12 மணி நேரம் கொடுக்கக் கூடாது. 35 செ.மீ., எட்டு மணி நேரத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஐந்து செ.மீ. இறக்கி, ஒன்றிரண்டு மணி நேரம் கூட்டவும். பலனைப் பழைய இலையில் தேட வேண்டாம். நீண்டுபோன தண்டு திரும்பச் சுருங்காது. மூன்று நான்கு வாரத்தில் வரும் புது இலைகளைப் பார்க்கவும்: கணுவுக்குக் கணு நெருங்கி, இலை அகன்றால் வெளிச்சம் சரி. இன்னும் தண்டு நீண்டு இலை சிறுத்தால் விளக்கை இறக்கவும். விளக்குக்கு நேர் கீழே உள்ள உச்சி இலை மட்டும் வெளிறினால் ஏற்றவும். மணி பிளாண்டின் மொட்டைக் கொடியை வெட்டி, நுனிகளைத் தண்ணீரில் வேர்விடச் செய்து அதே தொட்டியில் நட்டால் அடர்த்தி திரும்பும்.

இலை நுனி பழுப்பானால் உடனே விளக்கைக் குறை சொல்கிறார்கள். மதுரையில் அது பெரும்பாலும் போர்த் தண்ணீரின் உப்பு. வெளிச்சத்தால் கருகினால் இலையின் மேற்பரப்பு நடுவில் வெளுக்கும். உப்பு என்றால் நுனியும் விளிம்பும் காய்ந்து, மண்மேல் வெள்ளைப் பூச்சு தெரியும். மாதம் ஒருமுறை மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. குடிநீரோ தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு ஊற்றி வடியவிட்டால் உப்பு கரைந்து போகும். ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரைச் சிக்கனம் என்று செடிக்கு ஊற்றுபவர்கள், வடித்தெடுத்த உப்பையே திருப்பி ஊற்றுகிறார்கள்.

தண்ணீர் கணக்கும் மாறும். இருட்டில் இருந்தபோது பத்து நாளுக்கு ஒருமுறை கேட்ட தொட்டி இப்போது நாலைந்து நாளில் கேட்கும். நாள் எண்ணாமல் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து ஊற்றவும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. விளக்கு இல்லாத செடிக்கு அதுவும் வேண்டாம். ராக் அறையில் ஃபேன் காற்றும் வறட்சியும் சேர்ந்தால் இலையின் அடியில் சிலந்திப்பூச்சி வரும். வாரம் ஒருமுறை இலையின் இரு பக்கமும் ஈரத் துணியால் துடைத்தால் தூசியும் போகும், அதுவும் போகும்.

யாருக்கு எது

கே.கே. நகரிலோ அண்ணா நகரிலோ கிழக்குப் பால்கனி உள்ள ஃபிளாட் என்றால் விளக்கே வேண்டாம், தொட்டியை நகர்த்தினால் போதும். சுவரொட்டிய வரிசை வீடு, ஐந்தாறு தொட்டி என்றால் ராக்கும் இரட்டை டியூப்பும். படிக்கும் மேஜையில் ஒரே ஒரு செடி என்றால் டேபிள் லேம்ப்பில் 9 வாட். ஆளுயரச் செடியை அலங்காரத்துக்கு வைத்திருப்பவர்களுக்கு ஸ்பாட் லைட், இல்லையென்றால் செடியையே மாற்றிவிடுவது.

கிளினிக், அலுவலக ரிசப்ஷன் தனி ரகம். கூரை விளக்குகள் மேஜையில் 300 முதல் 500 லக்ஸ் தரும். அதில் ஸ்நேக் பிளாண்ட் மாதக்கணக்கில் நிற்பதைப் பார்த்துவிட்டு நன்றாக வளர்கிறது என்கிறார்கள். சேமித்ததைத் தின்று சாகாமல் இருக்கிறது, அவ்வளவுதான்; புது இலை விட்டதா என்று கேட்டால் பதில் வராது. அங்கே ஒரு தொட்டிக்கு ஒரு ஸ்பாட் லைட், தனி பிளக்கில், தனி டைமரில் வைக்க வேண்டும். மற்ற விளக்குகளோடு ஒரே ஸ்விட்சில் சேர்த்தால், சனிக்கிழமை மாலை மெயினை அணைத்துவிட்டுப் போகிறவரோடு செடியின் வெளிச்சமும் திங்கட்கிழமைவரை போய்விடும்.